மூட்டையைப் பிரிக்கும் முன்

அன்புள்ள முருகேசா,

நான்கு மாதமாகப் பதில் எழுதாததற்குச் சோம்பல் ஒரு காரணம். தோற்றுப்போன வாதத்தை ஒப்புக்கொள்ள மனம் வராதது மற்றொன்று. இங்கு அனைவரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நீரை அளந்து பாய்ச்சினால் போதும், உரத்துக்கும் நீர்ச் சிக்கனத்துக்கும் தொடர்பில்லை என்று விடுதி மாடியில் விடிய விடியச் சாதித்தேனே, அது தவறு. மண்ணை மேலே மூடிய இரண்டு வாளிகளில் மக்காச்சோளம் வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் தழைச்சத்து (நைட்ரஜன் உரம்) இட்டு, நாள்தோறும் எடை பார்த்தேன். (அதே தராசுதான், சிரிக்காதே.) உரமிட்ட செடி சற்றுக் கூடுதலாகவே நீர் குடித்தது, ஆனால் அறுத்து உலர்த்தி நிறுத்தபோது, அது சேர்த்திருந்த எடை அந்தக் கூடுதல் நீருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு மிகுந்திருந்தது. பசித்த செடியும் கரியமில வாயுவுக்காக இலைத்துளைகளைத் திறந்தே ஆகவேண்டும். நீர் போய்விடுகிறது, வெளுத்த இலையோ அதற்கு ஈடாக அதிகம் சமைப்பதில்லை. வயலிலோ, ஊட்டம் பெற்ற பயிர் விரைவில் தரையை மூடிவிடுவதால், மண்ணிலிருந்து வீணே ஆவியாகும் நீரும் குறைகிறது. 1910களில் அமெரிக்க ஆய்வாளர்களான பிரிக்ஸும் ஷான்ட்ஸும் இப்படித் தொட்டிகளை எடைபோட்டுத்தான், ஒரு கிராம் உலர்பொருளுக்குச் சோளம் ஏறக்குறைய 320 கிராமும் கோதுமை 510 கிராமும் நீர் செலவிடுவதைக் கண்டார்கள்.

இனிச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கிணற்றில் பாதி நீர்தான் இருக்கிறது, உரத்தையாவது முழுதாக, விதைக்கும்போதே அடியுரமாக இட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். செய்யாதே. நான் செய்து பார்த்துவிட்டேன். முப்பதாம் நாளில் பயிர் கண்படும்படி கரும்பச்சையாக நின்றது. அந்த அகன்ற இலைகளே வேர்மண்டலத்து ஈரத்தை முன்கூட்டி உறிஞ்சித் தீர்த்துவிட, கதிர் வெளிவந்தபோது நிலம் வெடித்துக் கிடந்தது. தோகையை உரித்தால் நுனியிலிருந்து பாதிவரை மணியே இல்லை. பயந்துபோய் அடுத்த பட்டத்தில் வளர்ந்து நின்ற பயிருக்கு மேலுரம் இட்ட கையோடு மடை நிறையப் பாய்ச்சினேன். என் மணல் நிலத்தில், நீரில் கரைந்த தழைச்சத்தான நைட்ரேட் வேருக்கும் கீழே இறங்கிப்போய், நீரும் உரமும் ஒருசேரப் பாழாயின.

வறண்ட மண்ணில் உரம் கிடந்தும் பயனில்லை. ஈரத்தில் கரைந்தால்தான் அது வேரைச் சேரும். ஆகையால் இருக்கும் நீருக்கு ஏற்ப உரத்தைக் குறை. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அடியில் இட்டு, தழைச்சத்தைப் பிரித்து இடு. வளரும் பருவத்தில் பயிர் சற்று வாடினாலும் பொறுத்துக்கொண்டு, பூக்கும் தருணத்துக்கு நீரை மிச்சம் வை. ஏக்கருக்கு இவ்வளவு என்ற கணக்கில் விளைச்சல் குறையலாம். செலவிட்ட நீரின் கணக்கில் அநேகமாகக் குறையாது. இதை உன் மாமாவிடம் நீயே சொல். நான் ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

உர மூட்டையைப் பிரிக்கும் முன் இரண்டு வரி எழுது.

அன்புடன்,
தராசு