குறிப்புப் பகுதியில் எழுதிய தம்பிக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

ஆற்றோரத்து வீட்டுக்காரர்களுக்கும் நமக்காக அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

ஆலைக்கு அனுமதி கொடுக்கும் மன்றத்தின் கடிதத்தை நேற்று சாயங்காலம் எல்லோருமாகப் படித்தோம். ஆலையின் கழிவுநீர் அனுமதி மறுபரிசீலனைக்குப் போகிறது. அது முடியும்வரை வெளியேற்றும் அளவைக் குறைத்தாக வேண்டும். படித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம். மனசு நிறைந்திருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் நன்றி, தண்ணீர் மாதிரி எடுக்க வந்த அந்தத் தம்பிக்கு. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

அன்று அவர் வந்தது வழக்கமான ஆய்வுக்கு. குழாய்க்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், குழாயின் வாயில் ஒன்று என்று பாட்டில்களை நிரப்பி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கினார். மீட்டரை ஆற்றில் இறக்கிக் கரைந்த ஆக்சிஜனையும் வெப்பத்தையும் அளந்தார். உச்சி வெயில் நேரம். எல்லா எண்ணும் அனுமதி நிபந்தனைக்குள்ளேயே இருந்தது. வேலை முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான்.

அப்போதுதான் படித்துறையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, எப்போதும் சொல்வதையே சொன்னார்: "விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது தம்பி. வெயில் ஏறினா உள்ள போயிடுது."

முன்பு வந்தவர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். "சரிம்மா, பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். ஒரே நாளில் எத்தனையோ இடத்துக்குப் போக வேண்டியவர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இவர் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார். எந்தக் கரை, எத்தனை மணிக்கு, மழை பெய்த மறுநாளும் அப்படித்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆற்றங்கரையிலேயே அளவுகளைப் பதியும் களத்தாளின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'மேகமூட்டம்', 'வாடை இல்லை' என்று எழுதி முடித்துவிடுகிற இடம் அது. பெரியம்மா சொன்னதை அவர் அதில் பொடி எழுத்தில் எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்துக்காட்டி, "சரியாம்மா?" என்று கேட்டார்.

"சூரியன் வந்ததும் இல்லப்பா, வெயில் தண்ணியில விழுந்தப்புறம்" என்று பெரியம்மா திருத்தினார். அவர் அந்தச் சொற்களை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, மேலே திருத்தி எழுதினார். களத்தாளில் எதையும் அழிக்கக் கூடாதாம், அடித்தது என்ன என்று பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேண்டுமாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் சொன்ன சொல்லுக்கு ஆய்வக எண்ணுக்குக் கொடுக்கும் அதே மரியாதை. பெரியம்மா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாள் கோப்பில் சேர்ந்தது. அனுமதிப் பிரிவு அதிகாரி அம்மா, எண்கள் சரியாக இருந்தும் அந்தக் கட்டத்தைப் படித்திருக்கிறார். படித்ததும் விடியலுக்கு முன்னால் அளந்து வரச் சொல்லி ஆளை அனுப்பினார். விஷயம் அங்கேதான் பிடிபட்டது. பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனை விடும். வெளிச்சம் போனதும் அதை எடுத்துக்கொள்ள மட்டுமே ஆள் உண்டு: அதே பாசி, மீன்கள், கழிவைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 2, 3 என்று இறங்கினால் மீன்கள் மேலே வந்து திணறும். பாசி மண்டிய ஆற்றில் மத்தியானம் அளந்தால் எண் அழகாகத்தான் இருக்கும். பெரியம்மா இத்தனை காலமும் சொன்னது இதைத்தான்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியருக்கும் தனியாக ஒரு வார்த்தை. கழிவுநீருக்கான 20, 30 என்கிற வரம்பு எங்கிருந்து வந்தது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிரிட்டனில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1912இல் வைத்த வரம்பு அது: 5 நாள் சோதனையில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 20 மில்லிகிராம், கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம். கழிவைப்போல் குறைந்தது 8 மடங்கு சுத்தமான தண்ணீர் ஆற்றில் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்தேதான் அந்தக் கமிஷன் சொன்னது. நம் அனுமதியில் 20, 30 மட்டும் இருந்தது. ஆறு வற்றும் மாதங்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை. நாம் கொடுத்த மனுவின் முதுகெலும்பே அந்த ஒரு வாதம்தான்.

அப்புறம், ஏன் எதற்கு என்று கேட்காமல் கோப்பை எடுத்துக் கொடுத்த பதிவேட்டு அறை ஊழியர்கள், நகல் எடுத்துத் தந்த பிள்ளைகள், கூட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள், ஆலைக்குள் வேலை பார்த்துக்கொண்டே நம் பக்கம் நின்றவர்கள் (உங்கள் பெயர்கள் எங்களோடு இருக்கட்டும்), கேள்வி கேட்ட மன்ற உறுப்பினர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒன்று யோசிக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அனுமதி வைத்திருப்பவர்களே தங்கள் கழிவை அளந்து அறிக்கை தருகிறார்கள். மன்றம் எப்போதாவது வந்து சரிபார்க்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நாட்களில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது நாம் மட்டும்தான். மீனின் வாயைப் பார்த்தவர் இருந்தார், ஆனால் அதை எழுத ஒரு கட்டமும் எழுத ஒரு மனசும் கிடைக்க இவ்வளவு காலம் ஆனது. இனி அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. விடியல் பதிவேடு ஒன்று தொடங்கிவிட்டோம். நேரம், நிறம், வாடை, நுரை, மீன், முந்தின நாள் மழை, எல்லாம் அதில் ஏறும். தவறாக எழுதினால் ஒரே கோட்டால் அடிப்போம், சுருக்கொப்பம் போடுவோம். மாதா மாதம் நகல் மன்றத்துக்குப் போகும். நான் இருக்கும்வரை இது நிற்காது.

திருத்திய அனுமதியின் வரைவு விரைவில் மன்றத்தில் பார்வைக்கு வைக்கப்படும், ஆட்சேபணை சொல்லவும் அவகாசம் உண்டு. விடியற்கால அளவீடும் வறண்ட மாதங்களுக்கான வரம்பும் அதில் இருக்கிறதா என்று போய்ப் படித்துப் பாருங்கள். பதிவேட்டுக்கு முறை வைத்து வர முடிந்தவர்கள் பெரியம்மாவிடம் பெயர் சொல்லிவிடுங்கள், அவர்தான் பட்டியல் வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
ஆற்றோரத்து வீடுகளின் சார்பில்