சியோல் இலையுதிர்கால உலா: நவம்பர் 7

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் குழுவின் இலையுதிர்கால உலா 07.11.2026 சனிக்கிழமை நடைபெறும். காலை 9.15 மணிக்குக் கியோங்போக்குங் சுரங்க ரயில் நிலையத்தின் 5ஆம் வாயிலில் கூடுவோம். 10 மணிக்குக் கியோங்போக்குங் அரண்மனையில் காவலர் மாற்றச் சடங்கு தொடங்கிவிடும் என்பதால் தாமதிக்க வேண்டாம்.

1. கொரிய மரபுடையான ஹன்போக் அணிந்து வருவோருக்கு இந்த அரண்மனையில் நுழைவுக் கட்டணம் இல்லை. வாடகைக்கு எடுப்போர் முன்னதாகவே வந்துவிடவும்.

2. சாங்தோக்குங் அரண்மனையின் பின்தோட்டத்தில் மேப்பிள் மரங்கள் சிவக்கும் பருவம் இது. அத்தோட்டத்திற்குத் தனிச்சீட்டு வேண்டும், இடங்களும் குறைவு. என்னைக் கேட்டால், அன்றைய நாளில் தவறவிடக் கூடாதது இதுவே.

3. மதிய உணவு குவாங்ஜாங் சந்தையில். பாசிப்பயறு அரைத்துச் சுடும் பிந்தேத்தோக், பார்வைக்கு நம் அடையைப் போலிருந்தாலும், பல கடைகளில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். கொரியரின் புளித்த காய்கறி ஊறுகாயான கிம்ச்சியிலும் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ கலந்திருக்கும். ஆகவே சைவ உணவினர் கேட்டறிந்த பின்னரே உண்ணவும்.

4. போக்குவரத்து அட்டையில் போதிய தொகை இருக்கட்டும். குளிருக்கேற்ற மேலாடை அவசியம்.

வருவோரின் எண்ணிக்கை, பின்தோட்டச் சீட்டு வேண்டுமா, சைவமா அசைவமா ஆகிய மூன்றையும் அக்டோபர் 30 வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிலாக இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.