ஆபரேஷனுக்கு முன் உனக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கேட்ட காலேஜிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குத்தான் மழை வந்தால் மூட்டு வலி கூடிவிடுகிறது. எனக்கு வார்டு வேலையோடு, புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பும் வந்திருக்கிறது. பிடித்துத்தான் செய்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பித்தப்பையை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள், ஆபரேஷனைவிட அதற்கப்புறம் வரப்போகிற வலியை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். உன் நாத்தனார் ஒரு கதை, ஸ்டாஃப் ரூமில் ஒரு கதை என்று ஆளாளுக்குச் சொல்லி உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கடைசியில், "வலியெல்லாம் மனசுதான் என்கிறார்களே, அப்போ என் வலி பொய்யா?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விட மனம் வரவில்லை.

முதலில், உனக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிற ஒன்று. உனக்குச் செய்யப்போவது லேப்ராஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்துச் செய்கிற ஆபரேஷன் என்றால், வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளைகள்தான் போடுவார்கள். உள்ளே கருவியை நகர்த்த இடம் வேண்டுமே, அதற்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். முடிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள், ஆனாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோள்பட்டையின் உணர்ச்சி நரம்பும் கழுத்தில் ஒரே பகுதியிலிருந்து கிளம்புகின்றன. அதனால் கத்தி வைத்தது வயிற்றில், வலிப்பது தோளில். இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். மெல்ல எழுந்து நடக்கச் சொல்வோம்.

இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள், "நீங்க சொன்ன தோள் வலி வந்துடுச்சு சிஸ்டர்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சொல்லப்படாதவர்கள் நடுராத்திரியில் ஹார்ட் அட்டாக் என்று நினைத்து வியர்த்துப்போய், வீட்டுக்குப் போன் போட்டு அழுவார்கள். இருவருக்கும் உடம்புக்குள் இருக்கிற வாயு ஒன்றுதான், படுகிற பாடு மட்டும் வேறு வேறு. (நெஞ்சை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடு.)

இதை 1964இலேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்க மருந்து டாக்டரும் அவருடைய சகாக்களும், வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் வலி எங்கே வரும், எவ்வளவு நாள் இருக்கும், தையலுக்கு அடியில் தசை இறுகுவதால்தான் அது வருகிறது, தசையை எப்படித் தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். யாருக்குச் சொன்னார்கள் என்பது சர்ஜன்களுக்குக்கூடத் தெரியாது. சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு வலி மருந்து பாதியளவே தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே டிஸ்சார்ஜ் ஆனார்கள்.

அப்படியானால் உன் நாத்தனாரும் முன்கூட்டித்தானே சொன்னார் என்று கேட்பாய். சொல்கிற விதம் இருக்கிறதே, அதில்தான் எல்லாம். 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகிற ஊசி போடும்போது, ஒரு பிரிவினரிடம் "பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்" என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம் "இந்த ஊசி அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும், உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்றார்கள். தேனீ என்று கேட்டவர்கள்தான் அதிக வலி சொன்னார்கள். நானே தினமும் பார்க்கிறேன். விசிட்டிங் நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்து, "எங்க பெரியம்மா இதே ஆபரேஷன்ல எவ்வளவு துடிச்சாங்க தெரியுமா" என்று சொல்லிவிட்டுப் போனால், அவர்கள் படி இறங்குவதற்குள் பெல் அடிக்கும். ஆகவே என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: என்ன வரும் என்று மறைக்காதே, ஏன் வருகிறது என்று சொல், வந்தால் அவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் கையோடு சொல்.

இனி, பொய்யா என்ற உன் கேள்விக்கு வருகிறேன். பொய்யே இல்லை மல்லிகா. 1978இல் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. மருந்தில்லாத வெறும் ஊசிக்கே சிலருக்கு வலி குறைந்தது. அப்புறம் நலாக்சோன் கொடுத்தார்கள். மார்ஃபின் என்ற வீரியமான வலி மருந்தின் வேலையைத் தடுக்கிற மருந்து அது. அந்த நிம்மதி போய் வலி கூடிவிட்டது. அதாவது, நம்பிக்கை வந்ததும் உடம்பே தனக்கான மார்ஃபினைச் சுரந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள் சொன்னார்கள். மனசு என்று நாம் சொல்வது நரம்புக்குள்தான் வேலை செய்கிறது. பயம் வலியைக் கூட்டினாலும் சரி, தைரியம் குறைத்தாலும் சரி, வலி நிஜம்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் பெனடெட்டி குழுவினர் கண்டறிந்தது எனக்கு இன்னும் நெருக்கமானது. அதே வலி மருந்தை, நோயாளிக்குத் தெரியாமல் மெஷின் மூலம் ஏற்றினால் குறைவாகவே வேலை செய்கிறது. பக்கத்தில் நின்று, இது வலி மருந்து என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் கூடுதலாக வேலை செய்கிறது. நம் ஊர் வார்டில் பாராசிட்டமால் டிரிப்பை மாட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். வேலைப்பளு அப்படி, எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் "அம்மா, இது வலிக்கு, அரை மணி நேரத்தில் குறைய ஆரம்பிக்கும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? யாரும் சொல்லாவிட்டால் நீயே கேள். கேட்பதில் தப்பே இல்லை.

பீச்சர் என்ற டாக்டர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோவில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துவிட்டு 1946இல் எழுதினார். பலத்த காயம்பட்டவர்களில் கால்வாசிப் பேர்தான் வலிக்கு மருந்து வேண்டும் என்றார்கள். போர்முனையிலிருந்து உயிரோடு தப்பித்து வீடு போகிறோம் என்பது அவர்கள் கணக்கு. உனக்கும் இந்த வலி, இத்தனை நாளாக ராத்திரியில் எழுப்பி உட்காரவைத்த அந்தக் கல் வலி முடிகிற இடம். அதை நினைவில் வை. ஆனால் அந்தச் சிப்பாய்களைக் காட்டி யாரும் உன்னிடம் "தாங்கிக்கோ" என்று சொல்லக் கூடாது. அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

முன்பு வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் "கத்தாதே, ஊர் உலகத்தில் யாரும் பெறாத பிள்ளையா" என்று அதட்டுவதைக் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். அப்படி அதட்டப்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு அம்மா, கர்ப்பப்பை எடுத்த மறுநாள். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, பரவால்ல" என்கிறார். நாடித் துடிப்பு ஏறிக்கிடக்கிறது. மூச்சை மேலாகவே விடுகிறார். சேலை முந்தானையின் நுனி வாயில் கடிபட்டு ஈரமாக இருக்கிறது. நம்பரை விட்டுவிட்டு, "இருமிப் பாருங்கம்மா, ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா?" என்று கேட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "அடிவயித்த யாரோ பிடிச்சுக் கிழிக்கிற மாதிரி இருக்கு தாயி, சொன்னா திட்டுவீங்களோன்னு இருந்தேன்" என்றார். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு, ஒரு தலையணையை மடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தோம். சாயங்காலம் அவரே எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்தார். வலியை அடக்கிக்கொண்டு ஆழமாக மூச்சு விடாமல் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். பொறுமைசாலி என்று பெயர் வாங்கி என்ன லாபம்?

மார்கோ மெக்காஃப்ரி என்று ஒரு அமெரிக்க நர்ஸ் இருந்தார். அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது இருக்கிறது என்று 1968இலேயே எழுதிவிட்டார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது, வலிக்கு என்ன தருவீர்கள், எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கேட்டு வைத்துக்கொள். முழு வலி வரும்வரை காத்திருக்காதே, லேசாக ஆரம்பிக்கும்போதே சொல். எரிகிறதா, குத்துகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா என்று நீ எப்படிச் சொன்னாலும் எங்களுக்கு உபயோகம். எழும்போது நேராக எழாதே, ஒருக்களித்து, கையை ஊன்றி எழு. ஜன்னலோரப் படுக்கை கிடைக்குமா என்றும் கேட்டுப் பார். 1984இல் உல்ரிச் என்பவர், பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்களுக்கு, செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட வீரியமான வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது என்று காட்டியிருக்கிறார். கிடைக்காவிட்டாலும் குற்றமில்லை.

தேதி முடிவானதும் அண்ணனை எனக்குப் போன் போடச் சொல். பழைய ஸ்கேன் ரிப்போர்ட், நீ சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயர், மூன்றையும் ஒரே கவரில் போட்டு வை. முதல் ராத்திரி துணைக்கு நான் வருகிறேன், லீவு சொல்லி வைத்துவிட்டேன். நாத்தனார் பகலில் இருக்கட்டும்.

உன் அன்பு,
சாந்தி