மாதங்கியின் பக்கத்தில் ஒரு சொல் வேண்டும்

இணையக் கலைக்களஞ்சியத்தின் தொகுப்பாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். எம்.ஐ.ஏ. என்கிற பாடகி மாதங்கி அருள்பிரகாசம் பற்றிய உங்கள் ஆங்கிலப் பக்கத்தில் போன வாரம் மூன்று தடவை கை வைத்து, மூன்றாம் தடவை இரண்டு நாள் தடை வாங்கிய ஆள் நான்தான். தடை நேற்றிரவு முடிந்தது. நான்காம் தடவை பக்கத்தில் எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்கள் வரலாற்றுப் பட்டியலில் நிமிடக் கணக்கோடு இருக்கிறது. நான் சேர்த்தது ஒரே ஒரு வரி: 'இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.' முதல் பத்தியில், அவ்வளவுதான். இரவு வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைத் தட்டிவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். கேத்தல் கொதிக்க முன் வரியைக் காணவில்லை. 'தேவையற்ற இன விவரம்' என்று காரணம் போட்டிருந்தீர்கள். அவருடைய பேட்டிகளைச் சான்றாகக் கொடுத்துத் திரும்பச் சேர்த்தேன். தன்னைப் பற்றித் தானே சொல்வது போதுமான சான்று ஆகாது என்றீர்கள். சரி என்று பத்திரிகைக் கட்டுரைகளோடு வந்தால், 'தொகுப்புப் போர்', அதாவது ஒரே வரியை மாறி மாறிச் சேர்த்து நீக்கும் சண்டை என்று கதவைச் சாத்திவிட்டீர்கள். கட்டுரைக்குரியவரோடு எனக்கு ஏதும் தொடர்பு உண்டா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. அவரும் நானும் அம்மாவை ஒரே மொழியில் கூப்பிட்டு வளர்ந்தவர்கள். இதை ஆதாய முரண் என்று பதிந்துகொள்வதானால் பதிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் தொடக்கி வைத்தவள் என் மகள். இங்கே லண்டனில் பிறந்த பிள்ளை, பதின்மூன்று வயது. உங்கள் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தவள், "அப்பா, அருளர் எண்டா எந்தப் பாஷை?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். அவருடைய இசைத்தொகுப்புகளில் 2005இல் வந்த 'அருளர்' தகப்பனின் இயக்கப் பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2007இல் வந்த 'கலா' தாயின் பெயர், 2013இல் வந்த 'மாதங்கி' அவருடைய சொந்தப் பெயர். யாருடைய பெயர் என்று மூன்றுக்கும் விளக்கம் இருக்கிறது. எந்த வீட்டில் புழங்கிய பெயர் என்று ஒன்றுக்கும் இல்லை. இதைச் சுட்டிக்காட்டியபோது, கலாவும் மாதங்கியும் வடமொழி வழி வந்த சொற்கள் என்று கட்டுரை பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு மேதாவி எனக்குப் பாடம் எடுத்தார். நன்றி ஐயா. பெயர் எங்கிருந்து வந்தாலும், சாப்பிட வா என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மொழி எது?

உங்கள் விதி எனக்குத் தெரியாததல்ல. ஒருவரின் புகழோடு தொடர்பில்லாத இன அடையாளத்தை முதல் பத்தியில் தூக்கி வைக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் இவருடைய புகழில் இந்த அடையாளத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? லண்டன் ஹவுன்ஸ்லோவில் 1975இல் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாகத் திரும்பி வந்தவர். ஏன் திரும்பி வந்தார்கள்? 'உள்நாட்டுப் போர் காரணமாக' என்கிறது உங்கள் பக்கம். மழை காரணமாக ஆட்டம் நின்றது என்பது போல. தகப்பனைத் தேடி ஆமி வீட்டுக்கு வந்ததை அந்தப் பெண் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 2009இல் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அதைப் பேசியவர் அவர். அவருடைய இப்போதைய அரசியல் கருத்துகள் பல எனக்கு உவப்பானவை அல்ல, அது வேறு. அவர் எங்கள் ஆள் என்று மாலை போட நான் வரவில்லை.

'இலங்கை வழி வந்தவர் என்று இருக்கிறதே, போதாதா?' என்று உங்களில் ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார். நானும் பொறுமையாகச் சொல்கிறேன். 1983 யூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்புத் தெருக்களில் வாகனங்களை மறித்தவர்கள், நீ இலங்கையனா என்று கேட்கவில்லை. வாளியைக் காட்டி, இதைச் சிங்களத்தில் சொல் என்றார்கள். 'பால்திய' என்று சொன்னவன் தப்பினான். தமிழ் நாக்கில் முதல் எழுத்து 'வ'வாக வந்தவன் கதை உங்கள் கலைக்களஞ்சியத்திலேயே வேறொரு பக்கத்தில் இருக்கும். தெருவில் நின்ற கும்பலுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. நீங்கள் மட்டும் அது தேவையற்ற விவரம் என்கிறீர்கள்.

சான்சிபாரில் 1946இல் பிறந்த பரோக் புல்சாராவை, அதாவது குயீன் இசைக்குழுவின் பாடகர் பிரெடி மெர்குரியை, பார்சிக் குடும்பத்துப் பிள்ளை என்று எழுத உங்களுக்குக் கை நடுங்கவில்லை. எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதர் தன் பூர்வீகத்தைப் பற்றி வெளியே வாய் திறந்ததே குறைவு. அவருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். இருபது வருடமாக வாய் ஓயாமல் சொல்லிவருபவருக்கு வெட்டுகிறீர்கள். எங்கள் தமிழ்ப் பக்கங்களில் எதிர்க் கூத்து நடக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பாடகர் பிறந்த ஊருக்கு முன்னே சாதி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். அதை வெட்ட மட்டும் எந்த விதியும் கத்தியோடு வருவதில்லை. உங்களிடம் அந்தக் கத்தி உபரியாக இருந்தால் கொஞ்ச நாள் இரவல் தரலாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான்: முதல் பத்தியில் 'இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்' என்ற வரி வேண்டும். அவருக்கு 2019இல் அறிவிக்கப்பட்ட எம்.பி.இ. என்ற பிரித்தானிய அரச விருதின் பதக்கத்தைப் பற்றி நீண்ட பத்தி எழுதியிருக்கிறீர்கள். தாய் கலா அதே பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுத்துப் பிழைத்தவர் என்பதும் அதில் வருகிறது. ஊசி பிடித்த அந்தக் கைக்கு இடம் கொடுத்த நீங்கள் அவர் பேசிய மொழிக்கும் ஒரு சொல் இடம் கொடுக்கலாம்.

வாக்கியத்தை உங்கள் நடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், 'தமிழ்' என்ற சொல் இருந்தால் போதும். நான் மறுபடி சேர்க்கப் போவதில்லை. உங்களில் ஒருவரே தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். சான்றுகளை எல்லாம் பேச்சுப் பக்கத்தில் வரிசையாக வைத்திருக்கிறேன். பதிலையும் அங்கேயே போடுங்கள். இந்த வாரமும் இரவு வேலைதான், காலை ஆறு மணிக்கு வந்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
தடை முடிந்து வந்த பயனர்