காவல் ஆணையர் அவர்களுக்கு: பெத்த நாயக்கரையும் கொஞ்சம் கவனியுங்கள்

சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும், எழும்பூர் காவல் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொள்ளும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

பாந்தியன் சாலையில் இருக்கும் பழைய ஆணையர் அலுவலகத்தைப் பூட்டிப் போடாமல், 2021-ல் அருங்காட்சியகமாக்கியது நல்ல காரியம். இந்த ஊரில் பழைய கட்டடம் என்றால் முதலில் கடப்பாரையைத்தான் தேடுவார்கள். மெரினாவில் இருக்கும் காவல் தலைமையகத்தையே 1990-களில் இடிக்கப் பார்த்தார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் வரை போனதால்தான் அது தப்பியது. அதனால் முதலில் நன்றி.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். சீருடை, துப்பாக்கி, பதக்கம் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் காவலுக்கும் ஊர் மக்களுக்கும் இடையே என்ன ஏற்பாடு இருந்தது, அது எப்படி மாறியது என்பதற்கு இன்னும் தாராளமாக இடம் கொடுங்கள்.

பொதுவாக இந்த நகரத்துக் காவலின் கதையை 1856-ல், போல்டர்சன் முதல் ஆணையராக வந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் முன்பே, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்கு வெளியே, இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் காவலை பெத்த நாயக்கர் என்ற பதவியில் இருந்த உள்ளூர்க் காவல் தலைவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவருக்குக் கீழே தலையாரிகள். சம்பளத்துக்குப் பதிலாக நிலமும், ஊருக்குள் வரும் சரக்குகளில் ஒரு சிறு வரியும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. திருட்டுப் போய், பொருள் கிடைக்கவில்லை என்றால் பெத்த நாயக்கரே ஈடு கட்ட வேண்டும்! புகார் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, “இது எங்க லிமிட் இல்லைங்க, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க” என்ற பதிலைக் கேட்டு நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வரி வாங்கும் கையும் காவல் காக்கும் கையும் ஒன்றாக இருந்தால் என்னென்ன நடக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊர் பெருத்தது, கம்பெனியும் பெருத்தது. கடைசியில் 1806-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் மட்டும் ஜார்ஜ் டவுனில் மிஞ்சியது. பதவி போனதோடு ஈடு கட்டும் பொறுப்பும் போய்விட்டது. அதன் இடத்தில் என்ன வந்தது என்பதைத்தான் அருங்காட்சியகம் சொல்ல வேண்டும்.

வந்தவற்றில் முக்கியமானது 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம். அதையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். அதன் 41-வது பிரிவுதான் கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஆணையருக்குத் தருகிறது. தடை விதித்தால் அரசின் அனுமதி இல்லாமல் 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்ற வரம்பும் அதிலேயே இருக்கிறது. ராணி விக்டோரியா காலத்துச் சட்டம், ஆனால் இன்றும் வள்ளுவர் கோட்டத்தில் கொடி பிடிக்க நினைப்பவர்கள் அதன் முன்தான் வந்து நிற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பீரங்கியோடு சேர்த்து இதையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நல்ல மாற்றங்களையும் விட வேண்டாம். 1973-ல் தமிழகக் காவல்துறைக்குள் பெண்கள் வந்தார்கள். 1992-ல் ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. முதல் நாள்களில் அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். எப்படிப்பட்ட புகார்கள் வந்தன, சக ஆண் காவலர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று அவர்களையே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, இரவு ரோந்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த ஆண்களுக்கும் இது பொருந்தும். அதிகாரிகளாவது நினைவுக் குறிப்பு எழுதிவிடுகிறார்கள், இவர்களை யார் எழுதச் சொல்கிறார்கள்?

அப்புறம், பழைய நிலையங்கள் புதுக் கட்டடத்துக்கு மாறும்போது பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்குக்குத் தேவைப்படாத, பழைமையான ஏடுகளைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம். அதுவும் எழும்பூரில்தான் இருக்கிறது; ஒரு ஜீப் போதும்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்