பூச்சுமருந்துக்கு முன் தோலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் தோலில் எது தோன்றினாலும் “ஏதோ பூச்சி கடித்திருக்கும்” என்று சொல்லி, பாமசியில் ஒரு பூச்சுமருந்தை வாங்கிப் பூசுவது வழக்கமாகிவிட்டது. தாதியாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இது பெரும் கவலையைத் தருகிறது.

வைத்தியரிடம் போனாலும் “புண் ஒன்று ஐயா” என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அது தட்டையா, மேடா? உள்ளே இருப்பது நீரா, சீழா, இறுகிய சதையா? அரிக்கிறதா, நோகிறதா? எப்போது தொடங்கியது? இவற்றைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஓரம் சிவந்து மேடிட்டு, செதில் உதிர்ந்து, வட்டமாக விரிந்து அரிப்பது பெரும்பாலும் படர்தாமரை. ஸ்டீரொயிட் கலந்த மருந்தைப் பூசினால் அரிப்பு அடங்கும்; அதை உண்டாக்கும் பங்கசோ (பூஞ்சை) மேலும் பரவும். ஓரமும் மங்கிவிடுவதால் பிறகு வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

அரிப்பும் நோவும் இல்லாதவற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாசிஸ் என்ற தோல் நோய், முகம், கை, கால் என்று மூடாத இடத்தில் சிறு பருவாகத் தொடங்கும். மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து, நடுவில் பொருக்குக் கட்டிப் புண்ணாகும். வவுனியாப் பக்கம் இது புதிதல்ல. நோகாத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டு யார் வைத்தியசாலைக்குப் போவார்கள்?

தேமல் என்று விட்டுவிடும் வெளிறிய படையையும் சோதிக்க வேண்டும். ஆளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சை நுனியாகத் திரித்து, படையிலும் பக்கத்து நல்ல தோலிலும் மாறிமாறி மெல்லத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டட்டும். படையில் தொட்டது தெரியவில்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காக எடுத்தால் முற்றாகக் குணமாகும். ஒளித்து வைத்தால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிவிடும். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று மறைக்கும் தாய்மாரை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பற்றைக்காடு வெட்டுபவர்களுக்கும் விறகுக்குப் போகிறவர்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தால் அக்குள், அரை, மார்பின் கீழ் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல நோவில்லாத கறுத்த பொருக்கு இருந்தால் அது பற்றைகளில் இருக்கும் சிறு உண்ணி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். வெட்கப்படாமல் காட்டினால் உரிய குளிசையில் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கும்.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. யுத்தத்தில் எரிந்த பழைய தழும்பில் ஆறாத புண் வந்தால், எத்தனை வருடம் கழிந்திருந்தாலும் காட்டியே ஆகவேண்டும். அது புற்றுநோயாக மாறக்கூடும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் கிராமங்களுக்கே வந்து தோல் பரிசோதனை நடத்த வேண்டும். பெண்களைப் பார்க்கப் பெண் உத்தியோகத்தர்களையும் அனுப்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி,
புதுக்குடியிருப்பு