மாப்பிள்ளையிடம் காட்டாதே

திருப்பாதிரிப்புலியூர்
திங்கட்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், எடுத்துப்போகத்தான் ஆள் இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை, போனும் இல்லை. சரி, கெஸ்ட் ஹவுஸ் வேலை இருக்கும்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னவன் நீச்சல் குளத்தில் நிற்கிறான், உன் சிரிப்பு அப்படியே. அவனுக்குப் பின்னால் சோலார் இன்வர்டர். கரையிலிருந்து நாலடிகூட இருக்காது. அதெல்லாம் 12 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். மாப்பிள்ளை வீடியோ பார்த்துத் தானே மாட்டினார் என்று எழுதியிருந்தாய். எனக்கும் பெருமைதான். பெரிய படிப்பு படித்தவரிடம் ஐ.டி.ஐ. படித்த மாமனார் போய் என்ன சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பட்டனை அமுக்கினால் விழுகிறது என்றாய். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் விழுவதுதான் அந்த சுவிட்சின் வேலை. ஆனால் அந்தப் பட்டனை நம்பாதே. எர்த் வயரே இல்லாவிட்டாலும் அது விழும். உள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கரண்டை விட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். நம் வீட்டு லைனில் நியூட்ரல் ட்ரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த் ஆகியிருக்கும். தனி சோலார் இன்வர்டரில் பலதில் இரண்டு வயரும் எதிலும் சேராமல் மிதக்கும். குளத்துப் பம்பில் ஒரு வயர் கசிந்தால் 30 மில்லி ஆம்பியருக்கு விழவேண்டிய ட்ரிப், திரும்பிவர வழி இல்லாததால் சும்மா இருக்கும். யாருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் அடுத்த வயரும் கசியும். அப்போதும் போனதும் வந்ததும் சரியாக இருப்பதாகத்தான் ட்ரிப்புக்குத் தெரியும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அதற்கு எத்தனை நாள் ஆகும்? பம்பு ஓடும்போது சின்னவனைத் தண்ணீரில் இறக்காதே.

நியூட்ரலை ட்ரிப்புக்கு முன்னாலேயே எர்த்தில் சேர்க்கவேண்டும். ஆனால் இன்வர்டரோடு வந்த புத்தகத்தைப் பார்க்காமல் யாரும் கை வைக்கக்கூடாது. சில இன்வர்டரில் அப்படிச் சேர்த்தால் போர்டே போய்விடும். ஏணி, பம்பு பாடி எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் கட்டவேண்டும். பானலுக்கு வெயில் உள்ளவரை ஆஃப் கிடையாது. அதிலிருந்து வரும் டி.சி. கரண்டைச் சாதாரண வீட்டு சுவிட்சால் அணைத்தால் பொறி அறாமல் நின்று எரியும். பம்பு ஓடும்போது அவனை இறக்காதே, சொல்லிவிட்டேன்.

தானே புயல் ஞாபகம் இருக்கிறதா, 2011 டிசம்பர் 30? பல நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் நம் வீட்டு ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தது. சுவரெல்லாம் ஈரம். ஊரெல்லாம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நம் வீட்டைப் பார்க்க நேரமில்லை. வயரைப் போட்டு ட்ரிப்பைத் தாண்டிவிட்டேன். மறுநாள் காலையில்தான் அம்மா மோட்டாரைத் தொட்டாள். ஈரக்கையோடு தொட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஹாஸ்டலிலிருந்து வந்து நீயும் அவளைத் திட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வயரை அன்று ராத்திரியே கழற்றிவிட்டேன். அவள் அதைப் பார்த்தாளா என்று இன்றுவரை கேட்டதில்லை. அந்த விரலால்தான் இப்போதும் ஊறுகாய் கிளறுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஊறுகாய் கொடுக்க வந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். டெஸ்ட் லேம்ப் பைக்குள் இருக்கும். அவர் குளிக்கப்போகும் நேரத்தில் பத்து நிமிஷம் போதும்.

அப்பா